ராமநாதபுரம் மாவட்டம்: நிலம், கடல், வரலாறு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் வந்து தீர்த்தமாடிவிட்டு அன்றிரவே ரயிலேறிவிடுகிறவர்கள் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கடந்துபோகிற மாவட்டத்தைப் பற்றி எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கேள்விகளில் பாதி தண்ணீரைப் பற்றியவை. அது பொருத்தமும்தான். உப்பு நீரையும் நல்ல நீரையும் விட்டுவிட்டு இந்த மண்ணின் கதையைச் சொல்ல முடியாது.

ராமநாதபுரம் மாவட்டம் எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டின் தென்கிழக்கு மூலையில். வடக்கே சிவகங்கை, புதுக்கோட்டை, மேற்கே விருதுநகர், தென்மேற்கே தூத்துக்குடி. மற்ற பக்கமெல்லாம் கடல். பரப்பு 4,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 13.5 லட்சம், அவர்களில் பெரும்பாலோர் கிராமங்களில் வாழ்கிறார்கள். ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் ஆகிய நான்கைத் தவிர நகரம் என்று சொல்ல அதிகம் இல்லை. வடக்கே சுந்தரபாண்டியன்பட்டினத்தில் தொடங்கும் கடற்கரை தொண்டி, தேவிபட்டினம் வழியாக இறங்கி, மண்டபம், பாம்பன் பக்கம் மூக்குபோல நீண்டு, மறுபடி திரும்பி கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தென்மேற்கே போகிறது. தமிழகக் கடற்கரையில் மிக நீண்ட பகுதி இந்த மாவட்டத்துக்கே உரியது.

ஒரே மாவட்டத்தில் இரண்டு கடல் என்கிறார்களே?

உண்மைதான். மண்டபம் முதல் தனுஷ்கோடி வரை நீளும் அந்த ஒடுங்கிய நிலம் கடலை இரண்டாகப் பிரிக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பாம்பன் மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். தனுஷ்கோடியில் பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு.

இரண்டின் குணமும் வேறு. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. சேறும் கடற்புல்லும் நிறைந்த தரை. இறாலுக்கும் நண்டுக்கும் பேர்போனது. மன்னார் வளைகுடா ஆழமானது. கரையோரமாகப் பவளப்பாறைகளும் தீவுகளும் கொண்டது. சங்கும் முத்தும் விளைந்த கடல் அது. தென்மேற்குப் பருவத்தில் சோழகக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசிக்குமேல் வாடை எழுந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். அதனால் காற்றைப் பார்த்து, படகை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் பாம்பனில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. ஒரே ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கடலில் தொழில் செய்ய முடிவது இந்தக் கரைக்குக் கிடைத்த வரம்.

இது 'தண்ணியில்லாக் காடு' தானே?

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று அரசு அலுவலகங்களில் மிரட்டுவார்கள். அந்தக் காடு பெரும்பாலும் எங்கள் மாவட்டம்தான். அந்தப் பேச்சு எங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்பது சொல்கிறவர்களுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், அது பாதி பொய்.

ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. நிலம் தட்டை, மலை கிடையாது, அணை கட்டத் தோதான பள்ளத்தாக்கும் கிடையாது. நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. இப்படிப்பட்ட இடத்தில் மனிதர் குடியேறி ஈராயிரம் ஆண்டுகளுக்குமேல் நெல் விளைவித்திருக்கிறார்கள் என்றால், அது மழையைப் பிடித்துவைக்கத் தெரிந்ததால் மட்டுமே முடிந்தது. அந்தப் பிடிப்புக்குப் பெயர் கண்மாய்.

கண்மாய் என்பது நிலத்தின் மெல்லிய சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் போட்ட நீண்ட மண்கரை. மேட்டுப்பக்கத்திலிருந்து வரத்துக்கால் வழியாக நீர் வந்து தேங்கும். மடை வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சியது கலுங்கு வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்கு இறங்கும். ஒரு கண்மாயின் உபரிநீரே அடுத்த கண்மாயின் வரத்து. மாவட்டத்தில் சிறியதும் பெரியதுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் இப்படிச் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. குடிநீருக்குத் தனியாக ஊருணி. அதில் ஆடுமாடு இறங்காமல் ஊரே காவல் காத்தது.

எனவே சரியாகச் சொல்வதென்றால், இது தண்ணீர் இல்லாத காடு அன்று. தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழித்த நாடு. இன்று பஞ்சம் தெரிகிறதென்றால், வரத்துக்கால்கள் ஆக்கிரமிக்கப்பட்டதும், கண்மாய்கள் மண்மேடிட்டதும், குடிமராமத்து என்று ஊரே கூடிச் செய்த பராமரிப்பு ஜமீன் காலத்துக்குப் பிறகு ஊர் கையை விட்டுப் போனதும் அதற்குப் பெரிய காரணங்கள்.

வைகை கடலில் கலப்பதே இல்லையா?

வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, மதுரை, சிவகங்கை தாண்டி வரும் வைகை, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து முடிகிறது. மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் விரிகுடாவைத் தொடும்; அது வெள்ளக் காலத்தில் மட்டும் நடப்பது. சிவனுக்கு நஞ்சு கொடுத்த பாவி என்று கடலைச் சினந்து வைகை அதனிடம் போக மறுக்கிறது என்று ஒரு பழைய வெண்பா சொல்கிறது. புலவரின் கற்பனைக்குப் பின்னால் இருப்பது பாசனக் கணக்கு: வழி நெடுகக் கண்மாய்கள் அந்த ஆற்றைக் குடித்துவிடுகின்றன. வைகை அணை 1959இல் வந்த பிறகு பூர்வீகப் பாசனத்துக்கான நீர் ராமநாதபுரம், சிவகங்கை, மதுரைப் பகுதிகளுக்கு 7:3:2 என்ற விகிதத்தில் பகிரப்படுகிறது. பங்கு பெரிதாக இருந்தாலும் கடைமடைக்கு வந்து சேரும் நீர் எவ்வளவு என்பது ஒவ்வோர் ஆண்டும் இங்கே பெரும் பேச்சு.

'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பது எது?

ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய். கரையின் நீளத்தை ஒரே மூச்சில் நாரையால் பறந்து கடக்க முடியாது. அதில் மடைகள் நாற்பத்தெட்டு. இதுதான் அந்த வழக்கின் பொருள். ராஜசிங்கன் என்ற பட்டம் தாங்கிய பாண்டியர் பெயரில் அமைந்த ஊர் இது. அடைமழைக்குப் பின் கண்மாய் நிறைந்து கிடக்கும் நாளில் அந்தக் கரைமேல் நின்று பார்த்தவர்கள் 'தண்ணியில்லாக் காடு' என்ற சொல்லை மறுபடி வாயில் எடுக்க மாட்டார்கள்.

என்ன விளைகிறது?

திருவாடானை வட்டாரத்தில் நெல்தான் முதன்மை. மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்று அதைச் சொல்வார்கள். மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது இந்தப் பக்கத்து முறை. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கம் கரிசல் மண்; மிளகாய், பருத்தி, சோளம். கடற்கரையோர மணலில் பனையும் தென்னையும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி பெயர்பெற்றது.

ராமநாதபுரம் குண்டு மிளகாயை, அதாவது உருண்டையாகக் குட்டையாக இருக்கும் முண்டு வற்றலைத் தனியாகச் சொல்ல வேண்டும். மானாவாரியாக, உவர்ப்பைத் தாங்கி வளரும். தோல் தடித்தது, நிறமும் காரமும் நின்று பேசும். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தை, மாசிக்குமேல் பரமக்குடிச் சாலையில் வந்தால் களத்தில் காயும் மிளகாயின் நெடி பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிடும்.

எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேலம் ஏன்?

19ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம் அது. விறகுக்கும் தரிசு மூடவும் என்று பரப்பப்பட்டது; பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. கண்மாயின் உள்வாயிலும் தரிசு வயலிலும் புகுந்து, நாட்டு மரங்களை வளரவிடாமல் செய்துவிட்டது. 2017இல் அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அதைச் சுற்றி எழுந்த வழக்குகளும் பலருக்கு நினைவிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அடுப்பெரிய வைத்தது இந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுச் சுட்ட கரிதான். மரத்தை ஒழிப்போம் என்று பேசுகிறவர்கள் அந்தக் குடும்பங்களின் வருமானத்துக்கும் சேர்த்து வழி சொன்னால்தான் அந்தப் பேச்சு முழுமையாகும்.

இந்தக் கரையின் பழைய வரலாறு என்ன?

வைகை கடலைத் தொடும் இடத்துக்கு அருகில் அழகன்குளம் இருக்கிறது. 1980களிலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே பலமுறை அகழாய்வு செய்தது. ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள், ரோமானியக் காசுகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள், பாய்மரக் கப்பல் உருவம் கீறிய ஓடு ஆகியவை கிடைத்தன. மதுரையில் பாண்டியன் ஆண்ட காலத்தில் அவனுடைய ஆற்றின் முகத்துவாரத்தில் மேற்குலகக் கப்பல்களின் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது என்பது அதனால் ஐயமின்றித் தெரிகிறது.

அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய காட்சியைத் தெற்கே பெரியபட்டினத்தில் பார்க்கலாம். 1980களின் இறுதியில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. சீனர், அரபியர், யூதர் எனப் பல தேசத்து வணிகர் வந்து தங்கிய பாண்டியத் துறைமுகம் அது. இன்று அமைதியான கடலோர ஊர். இரண்டு ஊர்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், 'பின்தங்கிய மாவட்டம்' என்ற பட்டம் எவ்வளவு அண்மைக் காலத்தது என்று புரியும்.

சேதுபதிகள் யார்?

சேதுவைக் காக்கும் பொறுப்பு உடையவர்கள். அதனால் அந்தப் பட்டம். ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்திரிகர்களுக்கு வழிக்காவலும் சத்திரமும் அளிப்பது அவர்களது முதல் கடமையாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1605ஐ ஒட்டி, மதுரை நாயக்கர் ஆட்சியில் சடைக்கன் என்ற உடையான் சேதுபதி பட்டத்துக்கு வந்ததிலிருந்து தொடர்ச்சியான வரலாறு கிடைக்கிறது. முதலில் தலைநகர் போகலூர்.

அவர்களில் மிகப் பெரியவர் ரகுநாத கிழவன் சேதுபதி. 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி தொடங்கி 1710 வரை ஆண்ட இவர் தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டினார். மதுரை நாயக்கரின் மேலாண்மையை உதறினார். புதுக்கோட்டையில் தொண்டைமான் ஆட்சி வேரூன்றியதும் இவர் காலத்தில்தான். அரண்மனையில் உள்ள ராமலிங்க விலாசம் இன்று அருங்காட்சியகம். அதன் சுவர்களிலும் கூரையிலும் ராமாயணமும், தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும், ஐரோப்பியரை வரவேற்கும் காட்சியும் தீட்டப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் அரண்மனை ஓவியங்களில் இவ்வளவு உயிருள்ளவை குறைவு. ராமேஸ்வரம் போகிற வழியில் அரை மணி நேரம் ஒதுக்கி இதைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு. 1798இல் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும், கைகலப்பில் முடிந்ததும் இந்த இடத்தில்தான்.

1730ஐ ஒட்டி வாரிசுப் போரில் சேது நாடு பிரிந்தது. ஐந்தில் மூன்று பங்கு ராமநாதபுரத்துக்கு, இரண்டு பங்கு புதிதாகத் தோன்றிய சிவகங்கைச் சீமைக்கு. சிவகங்கையின் வேலு நாச்சியார் பிறந்தது ராமநாதபுரம் அரண்மனையில். 1772இல் ஆற்காட்டு நவாபும் கம்பெனியும் சேர்ந்து ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தார்கள். பின்னர் மீண்டும் பட்டத்துக்கு வந்த முத்துராமலிங்க சேதுபதி கம்பெனியோடு மோதி 1795இல் பதவி இழந்து, சிறையிலேயே 1809இல் இறந்தார். அவரை மீட்க 1799இல் சித்திரங்குடி மயிலப்பன் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் நடத்திய கிளர்ச்சி இன்னும் போதிய கவனம் பெறவில்லை. 1803இல் அரசு ஜமீனாகச் சுருங்கியது.

ஜமீன் காலத்திலும் ஒரு பெயரை மறக்க முடியாது: பாஸ்கர சேதுபதி. விவேகானந்தரை 1893 சிகாகோ மாநாட்டுக்குப் போகத் தூண்டி உதவியவர்களில் ஒருவர். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் கொழும்பிலிருந்து திரும்பிப் பாம்பன் தீவின் குந்துகாலில் கரையிறங்கியபோது வரவேற்றவரும் அவரே.

ஓரியூர் மண் ஏன் சிவப்பாக இருக்கிறது?

போர்ச்சுகீசிய யேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ, அருளானந்தர் என்ற பெயரில் மறவர் நாட்டில் வாழ்ந்தவர். சேதுபதியின் உறவினர் ஒருவர் கிறித்தவராகி ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவெடுத்ததால் அரண்மனையில் எழுந்த சினமே துறவியின் தலையில் விழுந்தது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அவர் ரத்தத்தால் மண் சிவந்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை. எல்லாச் சமயத்தவரும் அங்கே வந்து மண்ணெடுத்துப் போகிறார்கள்.

கீழக்கரைக்கு என்ன சிறப்பு?

"செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற வழக்குக்கு உரிய வள்ளலின் ஊர். ஷேக் அப்துல் காதிர் என்ற இயற்பெயருடைய அவர் கிழவன் சேதுபதி காலத்துக் கப்பல் வணிகர். சேதுபதிக்கு மிக நெருக்கமானவர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவளித்தவர். கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசல் கல்லால் ஆனது. தூண்களும் போதிகைகளும் திராவிடக் கோயில் மண்டப மரபில் செதுக்கப்பட்டவை. ஆனால் உருவங்கள் இல்லை, கொடியும் பூவும் மட்டும். முத்து, சங்கு வணிகத்தில் செழித்த ஊர் இது. இங்கே குளித்தெடுத்த சங்கு வளையல் செய்வதற்காக வங்காளம் வரை போனது.

பக்கத்து ஏர்வாடி தர்கா, மன நோயாளிகளைக் குணம் தேடி அழைத்துவரும் இடமாகவும் அறியப்பட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். நாடு முழுவதும் மனநலக் காப்பகங்களின் மீது உச்ச நீதிமன்றத்தின் பார்வை திரும்பியது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான்.

மாவட்டம் எப்போது உருவானது?

1910இல், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்தெடுத்து. பெயர் ராமநாதபுரம் என்றாலும் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையில் இருந்தது. 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. மிச்சமிருந்தது கடலோரப் பகுதி. அதாவது தொழிற்சாலை இல்லாத, மழையை நம்பிய பகுதி. அந்தப் பிரிவினையின் விளைவை இன்றைக்கும் உணர்கிறோம்.

1957 கலவரம் எதனால் நடந்தது?

முதுகுளத்தூர் வட்டாரத்தில் தேவேந்திரர்களுக்கும் மறவர்களுக்கும் இடையே இருந்த சாதி ஒடுக்குமுறைப் பூசல், அந்த ஆண்டு தேர்தலை ஒட்டி முற்றியது. அமைதிக் கூட்டத்துக்கு மறுநாள், செப்டம்பர் 11 அன்று, தீண்டாமைக்கு எதிராகப் போராடிய இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டிலும் பல உயிர்கள் போயின. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11இல் பரமக்குடியிலும், அக்டோபர் 30இல் முத்துராமலிங்கத் தேவர் நினைவாகப் பசும்பொன்னிலும் பெருங்கூட்டம் கூடுகிறது. 2011இல் பரமக்குடி நினைவு நாளன்று காவல்துறை சுட்டதில் மறுபடியும் உயிர்கள் போயின. கோயிலையும் பாலத்தையும் பேசிவிட்டு இதைப் பேசாமல் போனால் மாவட்டத்தின் வரலாற்றை மறைத்ததாகும்.

ராமேஸ்வரம் கோயிலின் பெரும் பிரகாரத்தைக் கட்டியது யார்?

பல சேதுபதிகள், பல தலைமுறைகளாக. மூன்றாம் பிரகாரம் 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவெய்தியது; அதன் தூண்கள் 1,212 என்பது கோயில் கணக்கு. தீவு முழுவதும் மணலும் பவளக்கல்லும்தான். கருங்கல் ஒரு துண்டும் கிடையாது. அத்தனை கல்லும் கடல் தாண்டி வந்தது என்பதை நினைத்துக்கொண்டு நடந்தால் அந்தப் பிரகாரம் வேறு மாதிரி தெரியும். உள்ளே 22 தீர்த்தங்கள். கடலுக்கு இவ்வளவு அருகில் அவற்றில் ஊறுவது நல்ல நீர்.

பாம்பன் பாலங்கள் எத்தனை? எது பழையது?

மூன்று. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்ட சாலைப் பாலம், 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம்.

பழைய பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டு கைகளாக மேலே திறக்கும். ஆட்கள் நெம்புகோல் தள்ளித்தான் திறந்தார்கள். 1964 புயலில் பாலத்தின் பெரும்பகுதி உத்திரங்கள் கடலில் விழுந்தன. நடுவிலிருந்த தூக்குப் பகுதி நின்றது. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில், விழுந்த உத்திரங்களையும் கடலிலிருந்து மீட்டு, 46 நாட்களில் பாலத்தைச் சரிசெய்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது. புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும்.

தனுஷ்கோடியில் உண்மையில் என்ன நடந்தது?

1914இலிருந்து தனுஷ்கோடி ஒரு சந்திப்பு. சென்னையிலிருந்து போட் மெயில் ரயில் அங்கே வந்து நிற்கும். இறங்கியவர்கள் நீராவிக் கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போவார்கள். சுங்கச்சாவடி, அஞ்சலகம், பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில், கடைத்தெரு எல்லாம் இருந்த ஊர்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அந்த மணல்முனைமேல் ஏறியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் ஊரை நெருங்கும் நேரத்தில் பேரலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. புயலில் மொத்தம் 1,800 பேர் வரை இறந்ததாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து சில காலம் ஓடி, இலங்கைப் போர்ச்சூழலில் 1980களில் நின்றுபோனது.

ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அங்கே திரும்பின; ஓலைக் குடிசைகளில் இன்றும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க, நடுவே மணலில் கையால் தோண்டினால் குடிக்கத் தக்க ஊற்று நீர் வரும். நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சாலை 2017இல் வந்தது. இடிந்த தேவாலயத்தில் நின்று படம் எடுக்கிறவர்கள், அது பலருடைய உறவுகள் புதைந்த இடம் என்பதை மறக்காமல் இருந்தால் நல்லது.

மண்டபம் முகாம் எதற்காக அமைக்கப்பட்டது?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை நோய்த்தொற்றுக்காகச் சில நாள் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய இடம். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரில் இதே வழியாக வந்தார்கள். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பிய ஈழத் தமிழர்களும் இதே முகாமில் இறங்கினார்கள். மலையகத் தமிழர் வரலாற்றைப் படிக்கிறவர்கள் நேரில் பார்க்க வேண்டிய இடம்.

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போகலாமா?

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதியின்றிக் காலடி வைக்க முடியாது. பவளமும் கடற்புல்லும் கடற்பசுவும் ஆமையும் உள்ள இடம். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டியெடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காயம் ஆறவில்லை. இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன.

இந்தத் தீவுகளைப் பற்றிப் பேசும்போது பாசி எடுக்கும் பெண்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிக் குதித்து, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்து வருகிறார்கள். அகர் போன்ற கூழ்ப்பொருள்கள் செய்யும் ஆலைகளுக்கு அவை போகின்றன. பூங்கா எல்லைக்குள் நுழைவதாக அவர்களைத் தடுத்ததும், எந்த நாட்களில் எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டதும் நடந்திருக்கிறது. கடலைக் காக்கும் திட்டம் எதுவானாலும் அந்தப் பெண்களைக் கேட்டுத் தொடங்குவதே முறை.

மீனவர் சிக்கல் ஏன் தீரவில்லை?

ராமநாதபுரம் ஜமீனுக்கு உரியதாக இருந்த கச்சத்தீவு, 285 ஏக்கர் அளவுள்ள சிறு நிலம், 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போனது. 1976இல் கடல் எல்லை மேலும் இறுகியது. இது ஒரு பாதி. மறு பாதி நம் பக்கத்தில் இருக்கிறது. பாக் விரிகுடா ஒடுங்கியது. 1960களுக்குப் பிறகு பெருகிய விசைப்படகுகளின் இழுவை மடி வலை அடித்தரையை வாரி எடுத்துவிட்டது. நம் பக்கத்தில் மீன் குறையக் குறையப் படகுகள் அப்பால் போயின. அங்கே போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய மன்னார், யாழ்ப்பாணத்து மீனவர்களும் தமிழர்களே. அறுபடுவது அவர்களின் வலை. 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது.

கைதும் படகுப் பறிமுதலும் துப்பாக்கிச்சூடும் கொடுமை. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அதே நேரம் இழுவை மடியை விடாமல் இந்தக் கடலை மீட்க முடியாது. ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற மானியத் திட்டம் 2017இல் வந்தது. கடனும் பயிற்சியும் போதாமல் அது மெதுவாகவே நகர்கிறது. நாட்டுப்படகுக்காரர்கள் இதை ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள்.

பறவைகள் பார்க்க எங்கே போவது?

கஞ்சிரங்குளம், சித்திரங்குடி, சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால், மேலச்செல்வனூர் – கீழச்செல்வனூர். முதல் இரண்டும் 2022இலும், அடுத்த இரண்டும் 2025இலும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கூழைக்கடா, சங்குவளை நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் கூடு கட்டும். உலகப் புகழ்பெற்ற இந்த ஈரநிலங்கள் அனைத்தும் உழவர்கள் வயலுக்காக வெட்டிய கண்மாய்களே. பூநாரை பார்க்கத் தனுஷ்கோடிப் பக்கத்துக் கழிமுகச் சேறு சிறந்தது. 2025இல் அதுவும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

எப்போது வரலாம், எப்படிப் பார்க்கலாம்?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. கண்மாய்களில் நீர் இருக்கும், பறவை இருக்கும், வெயில் தாங்கும். புயல் எச்சரிக்கை இருந்தால் அரிச்சல்முனைக்கு விட மாட்டார்கள்; செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறியிருக்கும்.

மதுரையிலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர், அங்கிருந்து ராமேஸ்வரம் 55. ஒரு நாளை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் கொடுத்தால், இன்னொரு நாளைக் கட்டாயம் உள்நாட்டுக்குக் கொடுங்கள்: காலையில் ராமலிங்க விலாசம், பிறகு திருப்புல்லாணி, கீழக்கரைப் பள்ளிவாசல், மாலையில் உத்தரகோசமங்கை. மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள் வந்தால், ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கும் மரகத நடராஜரைக் காப்புக் களைந்த நிலையில் பார்க்கலாம். கூட்டம் கடுமையாக இருக்கும், தங்குமிடத்தை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உள்ளூர்ப் பஸ்கள் எல்லாம் ராமநாதபுரம் பேருந்து நிலையத்திலிருந்து கிடைக்கும். ஆனால் பறவைச் சரணாலயங்களுக்குச் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால்தான் வசதி.